ஜாக்கெட் தளர்ந்த நாள்

தங்கச்சியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் அப்பளக் கூடையோடு வரிசையில் போய்க்கொண்டிருந்தேன். சித்தி முறையில் ஒரு உறவுக்காரி இலையிலிருந்து நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவ உருகியே போய்ச் சேந்தா. நீ என்ன ஆத்தா இப்பிடி ஊதிப்போய் நிக்கிற?" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொன்னவள் இல்லை. பக்கத்து இலைக்காரிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. "அப்பளம் வைக்கட்டுமா சித்தி?" என்று கேட்டேன். வை என்றாள். வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.

அந்த நாட்களில் நான் அப்படித்தான் இருந்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, நம்முடையது மாதிரியும் இருக்காது, அடுத்தவருடையது மாதிரியும் இருக்காது. உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

தங்கச்சிக்கும் எனக்கும் மூன்று வயசு வித்தியாசம். அவளைப் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருப்பவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். நான் போடியிலேயே இருக்கிறேன். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆட்களை மெட்டுக்கு ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். வாரம் தவறாமல் தங்கச்சி அந்த ஜீப்பிலேயே இறங்கி வருவாள். சாமான் வாங்குவாள், என் வீட்டில் மதியம் சாப்பிடுவாள், சாயங்காலம் அதே ஜீப்பில் ஏறிப் போவாள். நாங்கள் இருவருமே பூசினாற்போன்ற உடம்புக்காரிகள். ஒருத்தி ஜாக்கெட்டை ஒருத்தி மாற்றிப் போட்டுக்கொள்வோம்.

அவளுக்கு வயிற்றில் வந்த வியாதியைக் கண்டுபிடித்தபோது முற்றியிருந்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் வீட்டுக்காரரால் தோட்டத்தை விட்டு நெடுநாள் வரமுடியாது. நான்தான் கூட இருந்தேன். மருந்து ஏற்றுவார்கள், ரயிலில் ஊருக்கு வருவோம், காய்ச்சல் வரும், மறுபடி ரயிலேறுவோம். கிட்டத்தட்ட ஒரு வருஷம் இப்படியே போனது. கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்துக்கொள்வேன். அவள் புரளும் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவேன். சேர்ந்தாற்போல் தூங்கிய ராத்திரி ஒன்றும் நினைவில் இல்லை.

சாப்பாட்டுத் தட்டு வந்தால் அவளுக்குக் குமட்டும். சாப்பிடாவிட்டால் நர்சம்மா சத்தம் போடும், எழுதி வைக்கும், டாக்டர் வந்து ஏன் சாப்பிடலை என்று கேட்பார். அவளுக்கு அந்தக் கேள்வியைத் தாங்க முடியாது. தட்டை மெல்ல என் பக்கம் தள்ளி, "அக்கா, நீ தின்னுரு. காலித் தட்டாப் போகட்டும்" என்பாள். நான் தின்றுவிடுவேன். என் பங்குக்குக் கேன்டீனில் வாங்கிவைத்த பரோட்டாவையும் தின்பேன். தின்பதற்கு வாய் இருந்தது, கை இருந்தது. ருசி என்ன என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அவள் போன பிறகு ஊருக்கு வந்து, பழையபடி ஏலக்காய்க் கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். தோட்டத்திலிருந்து வருகிற காயை நாங்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து முறத்தில் போட்டுப் பிரிக்க வேண்டும். பச்சை தனியாக, வெளுத்தது தனியாக, வெடித்தது தனியாக. அதற்குப் பெரிய யோசனை தேவையில்லை, அதனால் எனக்கு அந்த வேலை ஒத்துவந்தது. ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் உட்காரும் மதினி கை கொடுத்துத் தூக்குவாள். மதினி என்றால் உறவில்லை, பல வருஷமாகப் பக்கத்தில் உட்காருகிறவள், அவ்வளவுதான். அவளும் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் மூட்டை எடைபோடும் தராசைக் கடந்து போகும்போது லோடு இறக்குகிற ஆள் ஒருவர், "யக்கா, ஒருதரம் ஏறி நில்லு, எந்த ரகம்னு பாத்துருவோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மதினி அவரை ஏசினாள்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வெந்நீரில் தேன் ஊற்றிக் குடி என்றார்கள், குடித்தேன். கொள்ளு அவித்துத் தின்னச் சொன்னார்கள், தின்றேன். தெருவில் ஒரு அம்மா டப்பாவில் ஏதோ மாவு விற்றாள், சோற்றுக்குப் பதிலாக அதைக் கலக்கிக் குடித்தால் மாசத்தில் இறங்கிவிடும் என்றாள். அதையும் குடித்தேன். காலையில் ஒன்றும் தின்னாமல் கடைக்குப் போவேன். மதியம் ஒரு தம்ளர் மாவுத் தண்ணீர். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படியில் நின்றவாக்கிலேயே கையில் கிடைத்ததையெல்லாம் தின்பேன். பாத்திரம் காலியான பிறகுதான் தின்றது தெரியும். டப்பா தீர்ந்தது, எடை கூடியிருந்தது. அந்த அம்மா நான் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லை என்றாள். இருக்கலாம் என்றேன்.

ஒரு காலையில் ஜீப்பில் ஏறப் போய்க் கால் தூக்க முடியாமல் திரும்பி வந்துவிட்டேன். தங்கச்சி வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், கஞ்சி வைத்துக்கொடுக்கலாம் என்று புறப்பட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார், சாயங்காலம் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலைக் காட்டு என்று மட்டும் சொன்னார்.

போடி ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தது. வேற்றூர்ப் பேச்சு, சின்ன வயசு. முழங்காலை மடக்கிப் பார்த்தது, அழுத்திப் பார்த்தது. பிறகு நாற்காலியைக் கொஞ்சம் எனக்கு நேராகத் திருப்பி உட்கார்ந்துகொண்டு கேட்டது: "அம்மா, உங்க எடையைப் பத்தியும் பேசலாமா? இல்ல, இன்னைக்குக் கால மட்டும் பாத்துக்கலாமா? உங்க இஷ்டந்தான்."

எடையைப் பற்றிப் பேசலாமா என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அது. மற்றவர்கள் எல்லாரும் பேசினார்கள், யாரும் கேட்கவில்லை.

"கால மட்டும் பாருங்க" என்றேன்.

சரி என்றது. அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தொடைச் சதைக்கு வலு வந்தால் மூட்டு மேல் விழும் பாரம் குறையும் என்று சொல்லி, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொல்லிக் காட்டிக்கொடுத்தது. தனியாக நேரம் ஒதுக்கவேண்டாம், தினம் எப்படியும் செய்கிற வேலை ஒன்றோடு அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் மறக்காது என்றது. நான் காலையில் பால் பொங்கும்வரை அடுப்பு முன்னால் நிற்பேன். அந்த நேரத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு எழுந்து உட்கார்ந்தேன். விருப்பத்தோடு ஒன்றும் செய்யவில்லை. சொன்னார்கள், செய்தேன்.

அடுத்த தடவை போனபோது நானே, "அன்னைக்கு எடையப் பத்தி என்னமோ கேட்டீங்கள்ல, பேசுங்க" என்றேன்.

அது உடனே புத்தி சொல்ல ஆரம்பிக்கவில்லை. போன வருஷம் எப்படிப் போனது என்று கேட்டது. நான் மதுரைக் கதையைச் சொன்னேன். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் என் குரல் எனக்கே கேட்டது. தட்டுச் சோற்றைத் தின்றதையும் சொன்னேன், மாவு டப்பாவையும் சொன்னேன். டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை.

"ஒரு வருஷமா தூக்கம் இல்ல, நடை இல்ல, நேரத்துக்குச் சாப்பாடு இல்ல, மனசுல இவ்வளவு பாரம்" என்றது. "இதுல உடம்பு எடை போடாம இருந்தாத்தான் ஆச்சரியம். இது உங்க தப்பு இல்லம்மா. சோம்பேறித்தனமும் இல்ல."

பட்டினி கிடந்தும் எடை ஏன் இறங்கவில்லை என்பதையும் அதுதான் விளக்கிச் சொன்னது. உடம்புக்கு நாம் இளைக்க நினைப்பது தெரியாதாம், பஞ்சம் வந்துவிட்டது என்றுதான் தெரியுமாம். உடனே செலவைக் குறைத்துக்கொள்ளும், பசியைக் கூட்டிவிடும். தூக்கம் கெட்டாலும் அதே மாதிரி வாய் தேடும். அடுப்படியில் நின்று தின்றது மனசு பலவீனமானதால் இல்லை, பகலெல்லாம் கொடுக்காததை உடம்பு சாயங்காலம் வாங்கிக்கொண்டது. தேனுக்கும் வெந்நீருக்கும் கொழுப்பைக் கரைக்கிற வேலை கிடையாது, பிடித்திருந்தால் குடியுங்கள் என்றது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதைச் சொல்லும்போதும் பயமுறுத்தவில்லை. சோற்றை விடச் சொல்லவில்லை. தட்டில் காயும் பயறும் கூடினால் சோறு தானாக இடம் விடும், சாப்பிட்டதும் உட்காராமல் கொஞ்சம் நடந்தால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும் என்றது. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யாதீர்கள், முடியும் என்று தோன்றுவதை மட்டும் நீங்களே சொல்லுங்கள் என்று என் முகத்தைப் பார்த்தது.

காலையில் வெறும் வயிற்றோடு போகாமல் இருக்கிறேன் என்றேன். ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டுக் கடைக்கு நடந்து போகிறேன் என்றேன். போதும் என்றது.

அப்படித்தான் போனது சில மாசம். காலையில் இட்லியோடு ஒரு முட்டை, இல்லாவிட்டால் அவித்த தட்டாம்பயறு. பஜார் வழியாகக் கடைக்கு நடை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மதினியும் நானும் கடைக் கிடங்கின் பின்பக்கம் கொஞ்ச நேரம் உலாத்துவோம். மதினி அந்த நேரத்தில் மருமகள் கதை சொல்லுவாள். கேட்டுக்கொண்டே நடப்பேன், பாதி மண்டையில் ஏறாது. சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லமாட்டேன். வருத்தமாகவும் இல்லை. ஆனால் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வந்தது. தரையிலிருந்து எழ மதினியின் கை தேவைப்படவில்லை. அதை நான் கவனிக்கவில்லை, அவள்தான் சொன்னாள்.

பிறகு ஒருநாள் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பீரோவிலிருந்து ஜாக்கெட்டை எடுத்துப் போட்டேன். தோளில் நிற்காமல் இறங்கியது. கையை மேலே தூக்கினால் பக்கத்தில் துணி தொங்கியது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மதுரையில் தங்கச்சிக்கு முதன்முதலில் அப்படித்தான் ஆனது. ஸ்கேன் எடுக்கப் போகிறபோது ஜாக்கெட் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. என் சேலையிலிருந்து பின்னைக் கழற்றி முதுகுப் பக்கம் கொசுவி குத்திவிட்டேன். அடுத்த மாசம் இரண்டு பின். அதற்கப்புறம் ஜாக்கெட்டே போடவில்லை, நைட்டிதான்.

ஜாக்கெட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் போன அன்றைக்குக்கூட எனக்கு அப்படி ஆகவில்லை.

மறுநாளிலிருந்து பழையபடி ஆட்டோவில் போனேன். பேக்கரியில் நின்று பப்ஸ் வாங்கித் தின்றேன். சாயங்காலம் அடுப்படியில் நின்று தின்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய தேதி வந்தது, போகவில்லை. மதினி ஏன் நடக்க வரவில்லை என்று கேட்டாள், கால் வலி என்றேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாத ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக்கு ஒரு சவாரி இருக்கிறது, சும்மா கூட வா என்று கூட்டிப்போனார். வந்தவர்களை இறக்கிவிட்டுவிட்டு, ஜீப்பை ஓரங்கட்டி, டீ வாங்கிவந்தார். எதிரே மலை மேலே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மாகிட்டப் போகலையாமே" என்றார்.

போகவில்லை என்றேன்.

"திட்டுனாங்களா?"

"அவுங்க திட்டவே மாட்டாங்க."

அவர் டீயைக் குடித்துக்கொண்டே இருந்தார். பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று நெருக்கவில்லை. நானே சொன்னேன். "ஏங்க, ஒடம்பு எறங்குது. எறங்குனா அவளுக்கு எறங்குன மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே, "ஒந்தங்கச்சிய ரயிலுக்குக் கொண்டுபோய் ஏத்திவிட்டு எறக்கிவிட்டு வந்தது நாந்தான?" என்றார். "போறப்பயும் வர்றப்பயும் ஜீப்புல கைகுடுத்துத் தூக்கிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் கனம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. எனக்கும் தெரியும்." டம்ளரை வாங்கிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும், "நாளைக்கு நானும் வர்றேன். வெரசா கெளம்பிரு" என்றார்.

டாக்டரம்மா ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை. வந்தது நல்லது என்றது. நான் ஜாக்கெட் விஷயத்தைச் சொன்னேன். அது கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டது.

"இத நான் யோசிக்கவே இல்லம்மா" என்றது. "எறங்கினா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னுதான் நெனச்சேன்."

வியாதியில் உடம்பு இறங்குவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னது. வியாதியில் சாப்பாடு பிடிக்காமல், சதை கரைந்து, தெம்பு போய்க்கொண்டே இறங்கும். எனக்குக் காலில் வலு கூடியிருந்தது. வெறும் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம் என்று ரத்தம் எழுதிக்கொடுத்தது, வயிறு ஸ்கேனும் எழுதிக்கொடுத்தது. இரண்டிலும் ஒன்றும் இல்லை. சர்க்கரை எல்லையை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. இனி எடை பார்க்கவேண்டாம், தராசு அது பாட்டுக்கு மூலையில் கிடக்கட்டும், எழுந்து உட்காருவதையும் மாடிப்படி ஏறுவதையும் மட்டும் பார்ப்போம் என்றது. பழைய ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கவேண்டாம், அளவுக்குப் புதிதாக ஒன்று தைத்துக்கொள்ளுங்கள் என்று அதுதான் சொன்னது. அப்புறம் கொஞ்சம் தயங்கி, மனசு மரத்துக் கிடப்பதற்கும் வைத்தியம் இருக்கிறது, அதுவும் முழங்கால் மாதிரிதான், தேனியில் ஒரு டாக்டருக்குச் சீட்டு எழுதிக்கொடுக்கட்டுமா என்று கேட்டது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர், "குடுங்கம்மா" என்றார்.

தேனிக்கு மாசாமாசம் போனேன். அங்கே பெரும்பாலும் பேசத்தான் வேண்டியிருந்தது. ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். பசியைக் கூட்டாத மாத்திரை பார்த்துக் கொடுக்கிறோம் என்று கேட்காமலே சொன்னார்கள். அங்கே என்ன பேசினேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. தங்கச்சியைப் பற்றிப் பேசினேன், அவ்வளவுதான்.

எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு முற்பகலில் காய் பிரித்துக்கொண்டிருந்தேன். மழைக்குப் பிந்தின காய், நல்ல பச்சை. திடீரென்று வயிற்றில் ஒரு இழுப்பு. என்னவென்று தெரியாமல் முறத்தைக் கீழே வைத்தேன்.

"என்ன மதினி?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"பசிக்குது" என்றேன்.

"சோறு கொண்டாந்திருக்கீகள்ல, தின்னுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒன்றுமில்லை. நான் டப்பாவைத் திறந்தேன். தக்காளிச் சோறு, பீன்ஸ் பொரியல், ஒரு முட்டை. பொரியலில் உப்புக் கம்மி. உப்புக் கம்மி என்று தெரிந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது. பாதியில் வயிறு போதும் என்றது. மூடிவைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் நடந்து வீட்டுக்கு வரும்போது பஜாரில், ஒரு மருந்துக்கடைக்கு முன்னால், காரணமே இல்லாமல் அழுதேன். கடைக்காரர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

எடை எவ்வளவு குறைந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கொஞ்சம் குறைந்து, அப்படியே நின்றுவிட்டது. உடம்பு ஒரு இடத்தில் நின்று பிடித்துக்கொள்ளும், அதுவும் இயற்கைதான், அங்கேயே நிற்பதும் ஒரு நல்ல காரியந்தான் என்று டாக்டரம்மா சொன்னது. நான் இப்போதும் பருமன்தான். ஆனால் தரையில் உட்கார்ந்து எழுகிறேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறேன். மெட்டுக்கு மேலே தங்கச்சி வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். நான் போனால் கப்பைக்கிழங்கு அவித்து வைப்பார். நல்லாயிருக்கு என்றால் தலையாட்டுவார். எங்களுக்குள் பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது.

மரத்த தன்மை முழுக்கப் போய்விடவில்லை. சில நாள் காலையில் எழும்போது அது மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். அன்றைக்கும் பால் வைப்பேன், நாற்காலியை இழுத்துப் போடுவேன்.

இந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. பஜாரில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. நடக்கவில்லை. சாயங்காலமானால் வீட்டில் உட்கார்ந்து சூடாக வடை தின்றேன், நன்றாகவும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது நடை விட்டுப்போச்சு என்றேன். "மழைல எல்லாருக்கும் விட்டுத்தான் போகும்" என்றது டாக்டரம்மா. "விட்ட எடத்துலருந்து தொடங்கலாம், நஷ்டம் ஒண்ணும் இல்ல." அடுத்த ஆளைக் கூப்பிட்டது.

நேற்று வெயில் வந்தது. காலையிலேயே மதினிக்குப் போன் போட்டு, இன்றைக்கு நடப்போமா என்றேன். கிடங்குக்குப் பின்னாலே சேறாக இருக்கும், ரோட்டுப் பக்கம் போவோம் என்றாள். மதியம் சாப்பிட்டுவிட்டு இருவரும் அப்படியே ஏலக்காயை ஏலம் விடுகிற மையம்வரை போய்த் திரும்பினோம். மருமகள் கதையில் நான் விட்டுப்போன பகுதியை அவள் முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை முழுசாகக் கேட்டேன்.